சூட்டில் வளரும் யந்திரம்

கரூரிலிருந்து வாசக அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளைக் காலையில் கிளப்பும்போது என்ஜினின் இடப்புறத்திலிருந்து கடகடவென்று ஒரு சப்தம் எழுகிறதாம். டைமிங் செயின் டென்ஷனர் போய்விட்டது, அதைக் கழற்றிவிட்டுக் கையால் திருகி வைக்கும் டென்ஷனர் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் யோசனை சொல்கிறாராம். போடலாமா, கூடாதா என்பது கேள்வி. போடலாம் என்று ஒரு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் போட்ட பிறகு அதை எவ்வளவு முறுக்குவது என்பதிலேதான் விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருப்பதாலும், அந்தச் சூட்சுமத்தின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மோகம் இருந்துவருவதாலும், இந்த மாதத்துப் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றி வால்வுகளை இயக்கும் இந்த டைமிங் செயின் நம் தெருக்களுக்குச் சற்றுத் தாமதமாகவே வந்தது. திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டில் வால்வுகளை இயக்கியவை பல்சக்கரங்களும் தள்ளுகோல்களும். ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் ஆகையால் அதற்குக் கேமுமில்லை, கேம் திறக்கும் வால்வுமில்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்த பிறகுதான் இந்த மெல்லிய சங்கிலி வீட்டுக்கு வீடு நுழைந்தது. 2016-ல் வந்த ஹிமாலயனில் என்ஃபீல்டுக்காரர்களும் தள்ளுகோலை விட்டுச் செயினுக்கே வந்து சேர்ந்தார்கள்.

கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதை அறியாதவர் இந்தப் பத்தியைப் படிக்கப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பெரும்பாலான வண்டிகளில் கிராங்கு சக்கரம் ஓடும் திசையிலேயே சுழல்வதால், செயினின் முன்புற ஓட்டம் கீழ்நோக்கி இழுபட்டு விறைப்பாகவும், பின்புற ஓட்டம் மேல்நோக்கிப் போகையில் தளர்வாகவும் இருக்கும். ஆகவேதான் டென்ஷனர் அநேகமாகச் சிலிண்டரின் முதுகில், கார்புரேட்டருக்குக் கீழே, ஸ்பேனர் நுழைய வழியில்லாத ஓர் இடுக்கில் அமர்ந்திருக்கிறது. உள்ளே ரப்பரோ பிளாஸ்டிக்கோ பூசிய வளைந்த தகடு ஒன்று தளர்ந்த ஓட்டத்தின்மேல் சாய்ந்து நிற்கிறது. அந்தத் தகட்டைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிப்பதுதான் டென்ஷனரின் ஏக உத்தியோகம்.

செயின் இழுத்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள். இரும்பு இழுபடுவதில்லை, கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசிகளும் அவற்றைச் சுற்றியுள்ள குழல்களும் தேய்கின்றன. கண்ணிக்குக் கண்ணி 6.35 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள 84 கண்ணிச் செயின் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணியும் 0.02 மில்லிமீட்டர் தேய்ந்ததாக வைத்துக் கணக்கிட்டால், மொத்தத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மேலாக நீளம் கூடியிருக்கும். அந்தத் தளர்வைப் பின்புறத்தில் டென்ஷனர் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் முன்புறத்து விறைப்பான ஓட்டமும் அதே விகிதத்தில் நீண்டிருக்கிறதல்லவா? கேம் சக்கரம் 28 பற்கள் கொண்டதானால், அது கிராங்குக்கு இரண்டரை பாகை பிந்தி வரும். அதை எந்த டென்ஷனராலும் திருத்த முடியாது. செயின் மாற்றவேண்டிய என்ஜினுக்கு டென்ஷனர் மாற்றி அனுப்புவது, பல்வலிக்காரனுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுக்கிற வைத்தியம்.

தானியங்கி டென்ஷனரில் ஒரு ஸ்பிரிங்கு தண்டை முன்னுக்குத் தள்ள, அது பின்னுக்கு வராதபடி ஒரு பற்கட்டோ திருகோ தடுத்து நிற்கும். தடுப்பு ஏன் வேண்டுமென்றால், கேமின் மூக்கு வால்வைத் தாண்டி இறங்கும் கணத்தில் வால்வு ஸ்பிரிங்கு கேமை முன்னுக்கு உந்துகிறது. அப்போது தளர்ந்த ஓட்டம் ஒரு நொடிப்பொழுது விறைத்துத் தகட்டை உதைக்கிறது. பற்கட்டு தேய்ந்தாலோ ஸ்பிரிங்கு ஒடிந்தாலோ, அந்த உதைக்கு ஈடுகொடுக்க ஆளில்லாமல் செயின் உறையில் மோதுகிறது. காலையில் கேட்கும் கடகடப்பு அதுதான். கழற்றிய டென்ஷனரின் தண்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். பற்கட்டுள்ள ஜாதி, அழுத்தத்துக்கு இணங்கி உள்ளே போனால் ஆயுள் முடிந்துவிட்டது. அசையாமல் நின்றால் அதன்மேல் பழி சுமத்துவது அநியாயம்.

கையால் திருகும் முறை புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1969-ல் வெளிவந்த ஹோண்டா சிபி 750-லும் 1972-ல் வந்த கவாஸாகி இஸட் 1-லும் பூட்டு போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங்கு தன் இடத்தைத் தானே கண்டுகொள்ள விட்டு, மறுபடி பூட்ட வேண்டும். அதாவது, குறிப்பிட்ட தூரம் ஓடியபின் சொந்தக்காரன் தன் வண்டியின் அருகே ஸ்பேனரோடு குந்தியாக வேண்டும். அந்தச் சிரமத்தை நமக்கு மிச்சப்படுத்தவே தானியங்கி வந்தது. இன்று கடையில் கிடைக்கும் முழுக் கைமுறை டென்ஷனரிலோ ஸ்பிரிங்கு என்பதே கிடையாது: ஓர் அலுமினிய உடல், ஒரு நீண்ட போல்ட், ஒரு லாக் நட், அவ்வளவே. பந்தயக்காரர்கள் அதை விரும்புவது, ஒடிவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதனால்.

இனி நான் மோகம் என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். என்ஜின் சூடேறினால் வளர்கிறது. சிலிண்டரும் ஹெட்டும் அலுமினியம், செயின் எஃகு. ஒரே உஷ்ணத்துக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. கிராங்குக்கும் கேமுக்கும் இடையே 200 மில்லிமீட்டர் தூரம் என்றும், இரண்டு உலோகங்களும் 80 பாகை சூடேறின என்றும் வைத்துக்கொண்டால், அலுமினியம் எஃகைவிடச் சுமார் 0.18 மில்லிமீட்டர் அதிகமாக நீண்டு, செயினின் இரு ஓட்டங்களையும் அவ்வளவு இழுத்துவிடும். ஆகவே குளிர்ந்த என்ஜினில் தளர்வாகத் தோன்றும் செயின் சூட்டில் சரியாகிறது. குளிரில் கம்பிபோல் விறைக்க வைத்த செயினோ, சூடேறியதும் தகட்டின் பூச்சையும் கேம் அமர்ந்திருக்கும் இருக்கைகளையும் அரைக்கத் தொடங்குகிறது. எங்கள் ஊரில் தவில் வாசித்த பெரியவர் ஒருவர், ஊர்வலம் புறப்படுமுன் நிழலில் உட்கார்ந்து தட்டிப் பார்க்கும்போது வலந்தலையை ஒருநாளும் உச்சத்துக்குப் பிடிக்கமாட்டார். தெருவில் இறங்கினால் வெயில் மீதியைப் பிடித்துக்கொள்ளும் என்பார். தோல்வார் போய் நட்டும் போல்ட்டும் வந்த தவிலிலும் அவர் கை அந்த அளவிலேயே நின்றது. நம் மெக்கானிக்குகளில் பலர், சப்தம் அடங்கும்வரை போல்ட்டை முறுக்கி, "பாருங்க சார், சத்தமே இல்லை" என்று சொல்லிச் சாவியை நீட்டுகிறார்கள். குளிர்ந்த என்ஜினில் செயின் அறவே ஊமையாகிவிட்டது என்றால் எனக்குச் சந்தேகமே தோன்றும்.

மாட்டும் கிரமத்தைச் சொல்கிறேன். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைத் திறந்து, ஒற்றைச் சிலிண்டரானால் பிஸ்டனை அமுக்க வீச்சின் உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் இரு வால்வுகளும் மூடியிருக்கும், கேம் திமிறாது. செயினைக் கேம் சக்கரத்தோடு ஒரு கேபிள் டையால் கட்டிவிடுங்கள். டென்ஷனர் இல்லாத சமயத்தில் செயின் ஒரு பல் தாண்டிவிட்டு, அது தெரியாமல் கிளப்பினால், பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடக் கூடும். பழைய டென்ஷனரில் நடு போல்ட்டைக் கழற்றி முதலில் ஸ்பிரிங்கின் வேகத்தைத் தணித்த பிறகே உடலின் இரு போல்ட்டுகளைத் தொட வேண்டும். புதியதன் நீண்ட போல்ட்டை முழுவதும் பின்னுக்குத் திருகிவைத்து, புதுப் பேக்கிங்கோடு உடலைப் பொருத்துங்கள். தண்டை வெளியே நீட்டி வைத்துக்கொண்டு, உடலின் போல்ட்டுகளை இறுக்கியே அதை உள்ளே அழுத்த முயலும் பலசாலிகளால் அலுமினியக் காதுகள் ஒடிந்துபோவதுண்டு.

பிறகு போல்ட்டை விரலால் மட்டும் திருகி, தகட்டில் தொட்டதும் நிறுத்துங்கள். டையை வெட்டி எடுத்துவிட்டு, கிராங்கை அது ஓடும் திசையில் மட்டும், ஸ்பேனரால் மெதுவாகப் பல சுற்றுச் சுற்றுங்கள். செயின் எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. ஓரிடத்தில் போல்ட் விரலுக்கு இறுகும், வேறோரிடத்தில் இளகும். மிக இறுகும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே நிறுத்தி, விரலால் தொட்ட நிலையிலிருந்து கால் சுற்றுப் பின்னுக்கு விடுங்கள். எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் மரை சாதாரணமாக 1.25 மில்லிமீட்டர் ஆகையால், கால் சுற்று என்பது 0.3 மில்லிமீட்டர் அளவு. அதன்பின் போல்ட்டை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டோடு போல்ட்டும் சேர்ந்து திரும்பி, இவ்வளவு நிதானமும் வியர்த்தமாகும்.

கிளப்பிக் கேளுங்கள். குளிரில் மெலிதாக ஒரு சலசலப்பு இருந்து, சூடேறச் சூடேற அது கரைந்துபோனால் சரி. சூட்டில் வேகத்தோடு ஏறும் ஊளை கேட்டால் அதிகமாக முறுக்கிவிட்டது. சூடான பிறகும் கடகடத்தால் இன்னும் போதாது. இரண்டுக்கும் மருந்து, என்ஜினை ஆறவிட்டு மறுபடி பார்ப்பதுதான். கொதிக்கும் என்ஜினில் திருகிப் பார்க்கும் அவசரம் எங்கிருந்து நமக்குப் பிடித்ததோ தெரியவில்லை. இன்னொன்று: ஊசிகளைத் தேய்ப்பது அழுக்கு எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை தோறும் டாங்கைப் பாலிஷ் போட்டு மினுக்குகிறவர்கள், நிலக்கரிச் சாந்தாகிவிட்ட எண்ணெயை மாற்றுவதற்கு மட்டும் அடுத்த சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கைமுறை டென்ஷனர் பக்கமே போகாதிருப்பது நல்லது, ஏனெனில் அது மறதிக்குச் சலுகை தருவதில்லை. வைத்த இடத்திலேயே நிற்கும், செயின் தேயத் தேயத் தானாக ஒரு இம்மியும் முன்னே வராது.

முதல் நீண்ட பிரயாணம் முடிந்து வண்டி ஓர் இரவு முழுவதும் ஆறிய பின் ஒருமுறையும், பிறகு வால்வு இடைவெளி பார்க்கும் போதெல்லாம் ஒருமுறையும் சோதித்துவிட்டால் போதும். லாக் நட்டிலும் போல்ட்டிலும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு இழுத்து வையுங்கள். நட்டு இளகினாலும், நாமில்லாத நேரத்தில் வேறொருவர் ஸ்பேனர் வைத்தாலும், கோடு விலகியிருப்பதைக் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.