வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோடு

சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசல்களில் வேன்கள் வரிசைகட்டி நிற்கும். சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குப் போகிற பெண்கள் டிபன் பையோடு முண்டியடித்து ஏறுவார்கள். அக்காவைக் கூட்டிப்போக பைக்கில் வந்திருந்த ஒரு பையனின் கறுப்பு டீ-சர்ட்டில் மண்டையோடு ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது. அதன் தலையில் வைக்கோல் தொப்பி. பைக் டேங்கிலும் அதே ஸ்டிக்கர். "என்னப்பா இது, மின்சார அபாய போர்டா?" என்று கேட்டேன். "லஃபி கொடி சார்" என்றான். இதுகூடத் தெரியாதா என்று ஒரு பார்வை வேறு.

லஃபி, 'ஒன் பீஸ்' கதையின் நாயகன். ஒடா எய்ச்சிரோ 1997-ல் ஒரு ஜப்பானிய வார இதழில் வரையத் தொடங்கிய கடல்கொள்ளையர் கதை அது. இன்னும் முடியவில்லை. புத்தகமாக மட்டும் 50 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. நம் ஊர் மெகா சீரியல்கள் இந்தக் கணக்கில் சின்னப் பிள்ளைகள்.

அந்தப் பையனின் டீ-சர்ட்டுக்காக டோக்கியோவில் இருக்கும் பதிப்பகத்துக்கு ஒரு பைசா போயிருக்காது. பஜாரில் தொங்குகிற சரக்கு அது. பெயரின் விலை என்ன என்பதை ஆம்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே தைக்கிற ஷூ ஐரோப்பாவில், அமெரிக்காவில் இன்னொருவர் பெயரில்தான் விற்கிறது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழித்ததும் உள்ளூர்க் கடைக்கு வரும். ஆளுக்கொரு ஜோடி வாங்கி மாட்டிக்கொள்வோம். தோல் அதுதான், தையலும் அதுதான், பெயர் இல்லையென்றால் விலை வேறு.

1970-கள் வரை இந்தப் பகுதியிலிருந்து கப்பலேறியது பெரும்பாலும் பாதி பதனிட்ட தோல். ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட அதற்கு வெளிநாட்டுச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' என்று பெயர். அந்தத் தோலின் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்ட பிறகுதான் முழுதும் பதனிட்ட தோல், ஷூவின் மேல்பாகமான அப்பர், முழு ஷூ என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள். எத்தனை படி ஏறினாலும் கடைசிப் படியில் வேறொருவர் பெயரே உட்கார்ந்திருந்தது. இங்கே தங்கியது கூலியும் பாலாற்றில் கலந்த உப்பும் குரோமியமும். மாசுபடுத்தியவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ஜப்பானியக் கார்ட்டூன் படங்களான அனிமேவின் கணக்கும் ஏறக்குறைய இப்படித்தான். 1963 ஜனவரி 1 அன்று ஓவியர் தெசுகா ஒசாமுவின் 'அஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஒரு பாகத்தை எடுக்க ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்குத்தான் தெசுகா அதை விற்றார். கையைக் கடித்த மிச்சத்தை பொம்மை, ஸ்டிக்கர் உரிமைகளில் தேற்றிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். விளம்பரம் கொடுத்த மெய்ஜி மிட்டாய்க் கம்பெனி சாக்லேட்டோடு ஸ்டிக்கர் கொடுத்து அள்ளியது. தெசுகாவின் ஸ்டூடியோ 1973-ல் திவாலானது. படம் நஷ்டத்தில் ஓடும், பணம் படத்துக்கு வெளியே இருக்கும் என்ற வழக்கம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

இன்று ஒரு அனிமே தொடருக்குப் பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி எல்லாம் சேர்ந்து 'தயாரிப்புக் குழு' அமைத்துப் பணம் போடுகின்றன. உரிமையும் லாபமும் அந்தக் குழுவுக்கு. வரைந்து கொடுக்கிற ஸ்டூடியோவுக்குப் பெரும்பாலும் பேசிய தொகை மட்டும், நம் பாஷையில் ஜாப் ஒர்க். ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வரும் படங்களை வரைகிற இளைஞருக்குத் தாள் கணக்கில் கூலி. ஆம்பூர்ச் சந்துகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பர் தைக்கிற பெண்ணுக்கு ஜோடி கணக்கில் கூலி. 2023-ல் அனிமே சந்தையின் மொத்த மதிப்பு 3.34 லட்சம் கோடி யென், அதில் பாதிக்குமேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது என்கிறது ஜப்பானிய அனிமேஷன் சங்கம். அந்தத் தாள் கூலிக்காரர் இந்த எண்ணைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். 2018-ல் அடிடாஸ் 'டிராகன் பால் ஸீ' அனிமேப் பாத்திரங்களின் பெயரில் ஒரு ஷூ வரிசையை இறக்கியது. பெயரை விற்கிற இரண்டு தொழில்கள் ஒரே காலணிக்குள் கால் வைத்தன.

தமிழ்க் குழந்தைகளுக்கு அனிமே புதிதல்ல. ஹங்காமா சேனலில் தமிழ் பேசிய ஷின்சானைப் பார்த்து வளர்ந்தவர்கள் இப்போது வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற புகாரில் 2008-ல் அதைத் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டு வெட்டித் தைத்துத் திரும்ப விட்டார்கள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தியேட்டர்களுக்குத் தமிழிலேயே வந்தது.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது ஒரு மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. 1964-ல் நகாய் கட்சுயிச்சி 'காரோ' என்று ஒரு மாத இதழ் தொடங்கினார். சிராட்டோ சன்பெய் என்ற ஓவியரின் 'காமுய் டென்' கதைக்கு இடம் கொடுக்கவே அந்த இதழ். நாயகன் காமுய், ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட சாதியில் பிறந்தவன். பழைய ஜப்பானில் செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோலை உரிப்பதும் பதனிடுவதும் அப்படித் தள்ளி வைக்கப்பட்டவர்களின் தலையில் கட்டிய வேலை. 1871-ல் அரசாணை அந்தச் சாதிப் பெயர்களை ஒழித்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்து ஆளை எடைபோடும் பழக்கம் அதற்குப் பின் நூறு ஆண்டு கடந்தும் இருந்தது. இதை வாசிக்கும்போது நான் ஜப்பானில் இல்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் யார் இறங்குகிறார்கள், யார் இறங்குவதில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெசுகாவே 1972-ல் தொடங்கிய 'புத்தா' மங்காவில் சித்தார்த்தருக்கு முன்பே ஓடி வந்துவிடுகிறான் தீண்டப்படாத ஒரு சிறுவன். தோல் தொழில் நடக்கிற ஊர்களில் யாராவது இந்த இரண்டையும் தமிழில் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். ஷின்சானுக்குக் கிடைத்த டப்பிங் காமுய்க்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு ஒரு மனக்குறை.

'காமுய் டென்' இதழ்களை அன்றைய மாணவப் போராளிகள் கையோடு வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சேரிப் பையன் ஒருவன் குத்துச்சண்டை வீரனாகும் 'நாளைய ஜோ' கதையும் அவர்களுக்கு உயிர். அதில் ஜோவின் எதிராளி ரிக்கீஷி கதைப்படி செத்துப்போனதும், 1970 மார்ச் 24 அன்று பதிப்பக அலுவலகத்திலேயே நிஜ இறுதிச் சடங்கு நடந்தது. கிட்டத்தட்ட 700 பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில், மார்ச் 31 அன்று, ஜப்பானிய இடதுசாரிச் செம்படைப் பிரிவைச் சேர்ந்த ஒன்பது இளைஞர்கள் விமானம் ஒன்றைக் கடத்தி வட கொரியாவுக்குக் கொண்டுபோனார்கள். தாங்கள்தான் நாளைய ஜோ என்று அறிவித்துவிட்டுப் போனார்கள்.

ரசிகன் தொண்டனாகிற வித்தை நமக்கு அத்துப்படி. எம்.ஜி.ஆர். மன்றங்களின் தோளில்தான் 1972-ல் அ.தி.மு.க. எழுந்தது. விஜய்யின் மக்கள் இயக்கம் 2024 பிப்ரவரியில் தமிழக வெற்றிக் கழகமானது. இங்கெல்லாம் கட்-அவுட்டில் இருப்பவரே மேடைக்கும் வந்து கையசைப்பார். லஃபியால் அது முடியாது. தலைவனே இல்லாத மன்றம் அது.

தலைவன் இல்லாத மன்றத்துக்கு ஓட்டு இருக்கிறது என்பதை ஜப்பானில் ஆளுங்கட்சி மோப்பம் பிடித்துவிட்டது. மங்கா பிரியரான அசோ தாரோ வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, 2007-ல், சர்வதேச மங்கா விருதைத் தொடங்கி வைத்தார். 2019 மேலவைத் தேர்தலில், மங்காவுக்குத் தணிக்கை கூடாது என்று பேசிவந்த யமதா தாரோ 5 லட்சத்து 40 ஆயிரம் வாக்கு அள்ளினார். 2022-ல் மங்கா ஓவியர் அகமட்சு கென்னே போட்டியிட்டு 5 லட்சத்து 28 ஆயிரம் வாக்கு வாங்கி எம்.பி. ஆனார். இருவரும் பழமைவாத லிபரல் ஜனநாயகக் கட்சி. அதிகாரத்தைக் கேலி செய்கிற கதைகளைக் காப்பாற்ற ரசிகர்கள் அதிகாரத்திலிருக்கும் கட்சிக்கே போய் ஓட்டுப் போட்டார்கள். இது தந்திரமா ஏமாளித்தனமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நம் நாட்டு அரசியலும் அனிமேயைத் தொட்டுப் பார்த்திருக்கிறது. சாகோ யூகோ என்ற ஜப்பானியர் 1980-களில் ராமாயணத்தைக் கையிலெடுத்தபோது, வெளிநாட்டவர் தன்னிஷ்டத்துக்கு அதைப் படமாக்குவதா என்று விசுவ இந்து பரிஷத்திடமிருந்து ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிர்ப்புக் கடிதம் போனது. அதை அனிமேயாக எடுக்கலாம் என்றபோது, ராமாயணத்தைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிக்கொண்டது. அதே படம் 2025 ஜனவரியில் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் தியேட்டர்களுக்கு ராஜமரியாதையோடு திரும்பி வந்தது. படம் மாறவில்லை.

அதே 2025-ல்தான் வைக்கோல் தொப்பி மண்டையோடு பெரிய அளவில் தெருவுக்கு வந்தது. இந்தோனேசியாவில் லாரி ஓட்டுநர்கள் வண்டியில் கட்டினார்கள். ஆகஸ்ட் 17 சுதந்திர தினத்துக்கு முன்னால் வீட்டு வாசல்களிலும் தேசியக் கொடிக்குக் கீழே அது பறந்தது. நாட்டைப் பிளக்கிற வேலை என்று ஆட்சியாளர்கள் கடுகடுத்தார்கள். செப்டம்பரில் நேபாளத்தில் சமூக ஊடகத் தடையை எதிர்த்துக் கிளம்பிய இளைஞர்கள், எரிந்துகொண்டிருந்த அரசுத் தலைமைச் செயலக வளாகமான சிங்க தர்பாரின் வாயிற்கதவில் அதைத் தொங்கவிட்டார்கள். பிரதமர் ஒலி பதவி விலகினார். மடகாஸ்கர் போராட்டத்தில் மண்டையோட்டை வைத்துக்கொண்டு தொப்பியை மாற்றிவிட்டார்கள். அங்கே அது அவர்கள் நாட்டுப் பாரம்பரியத் தொப்பி.

இந்தக் கொடிகளுக்கும் உரிமக் கட்டணம் போயிருக்காது. இந்தோனேசியாவில் கொடி தைக்கிற சின்னச் சின்னத் தையற்கூடங்கள் ஆர்டர் தாங்காமல் இரவு பகலாக மிஷினை ஓட்டின. கறுப்புத் துணி, வெள்ளை மண்டையோடு, மஞ்சள் தொப்பி, சிவப்புப் பட்டை. ஆம்பூரில் அந்தப் பையனின் அக்காவிடம் அந்தக் கொடியின் படத்தைக் காட்டினால், எந்த இடத்தில் எந்தத் தையல், ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி என்று வேனில் ஏறுவதற்குள் சொல்லிவிடுவாள்.