வெற்று வட்டங்கள்

குழாயின் நுழைவாயிலில் நீரின் வேகத்தை அளந்தெடுத்த புள்ளிகள் ஒரு பக்கமும், அந்த ஓட்டத்தைக் கணிக்கும் கணினியின் வலைக்கண்ணிகள் மறு பக்கமுமாக ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்பதைச் சென்ற வாரம் கண்டோம். அதைத் தொடர்ந்து, அளந்த மதிப்புகளைக் கண்ணிகளுக்கு இடம் மாற்றும்போது மொத்தப் பிரவாகம் குன்றாமல் காக்கும் உபாயத்தை இவ்வாரம் எழுதுவதாக இருந்தேன். ஆனால் அதற்கு முற்படியான ஒரு க்ஷேத்திரகணித விஷயம் என் சிந்தையை முழுவதும் கவர்ந்துகொண்டுவிட்டபடியால், அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் ஒப்பவில்லை.

நுழைவாயிலில் படியும் ஒவ்வொரு கண்ணியின் முகமையத்துக்கும், அதாவது முகத்தின் நடுப்புள்ளிக்கும், ஒரு வேகம் வேண்டும். அந்த மையத்தைச் சூழ்ந்துள்ள மூன்று அளவுப் புள்ளிகளை முக்கோணமாக இணைத்து, மையத்திலிருந்து பிரியும் மூன்று சிறு முக்கோணங்களின் பரப்பு விகிதப்படி அம்மூன்று மதிப்புகளையும் கலப்பது வழக்கம். இவ்வகை எடைக் கணக்கை மோபியஸ் 1827-லேயே நூலாக எழுதி வைத்தார். ஆனால் சிதறிக் கிடக்கும் புள்ளிகளுள் எந்த மூன்றைச் சேர்ப்பது? அதற்கு விடை தந்தவர் ரஷ்யக் கணித மேதை போரிஸ் டெலோனே. முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியே வரையும் வட்டத்துக்குள் வேறொரு புள்ளியும் அகப்படாதிருந்தால் அந்த முக்கோணத்தை ஏற்கலாம் என்பதே அவர் வகுத்த நியதி. இந்நியதியைக் கைக்கொண்டால், ஊசிபோல் மெலிந்த முக்கோணங்கள் கூடியமட்டும் தவிர்க்கப்படுகின்றன. இந்நியதியை விளக்கி 1934-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட கட்டுரையை, 1908-இல் நாற்பது வயதிலேயே மறைந்த கணித அறிஞர் வொரொனோயின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கினார். டெலோனே தேர்ந்த மலையேறியுமாவார். அல்தாய் மலைத்தொடரில் ஒரு சிகரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

என்னை ஆட்கொண்ட விஷயம் இனித்தான் வருகிறது. ஆய்வாளர்கள் பெரும்பாலும் வரிசையும் நிரலுமாக, சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல் அளக்கிறார்கள். சதுரத்தின் நான்கு முனைகளும் ஒரே வட்டத்தின் மேல் இருப்பதால், இரு மூலைவிட்டங்களில் எதை வரைந்தாலும் நியதி வழுவுவதில்லை. ஆனால் எதிரெதிர் முனைகளில் ஒரு ஜோடியில் விநாடிக்கு 10, 10 மீட்டர் என்றும், மற்ற ஜோடியில் 8, 4 என்றும் வேகம் இருக்குமானால், நடுப்புள்ளியில் ஒரு மூலைவிட்டம் 10 என்றும் மற்றது 6 என்றும் சொல்லும். ஓப்பன்ஃபோம் என்னும் மென்பொருள் இந்தச் சிக்கலை அறுக்க, புள்ளிகள் யாவும் அடங்கும் பெட்டியின் அளவில் 1,00,000-இல் ஒரு பங்களவுக்கு அவற்றைத் தானே சற்று நகர்த்திவிடுகிறது. கண்ணுக்கே புலப்படாத அந்த நகர்வு 10-க்கும் 6-க்கும் இடையே தீர்ப்புச் சொல்கிறது! வேகம் சீராக மாறும் இடங்களில் இந்த வித்தியாசம் அற்பமாகிவிடும். ஆதலால் வேகம் திடுமென மாறும் சுவரோரங்களில் நெருக்கமாக அளப்பதே முதற்கடமையென்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

சுவரோரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அளவுக் கருவி சுவரைத் தொடமுடியாதாகையால், கடைசிப் புள்ளிக்கும் சுவருக்கும் இடையே கிடக்கும் மையங்கள் எந்த முக்கோணத்திலும் அடங்குவதில்லை. அங்கே அருகிலுள்ள மதிப்பையே மென்பொருள் கொடுத்துவிடுமானால், சுவரை ஒட்டி வேகம் பூஜ்யமாக வேண்டிய இடத்தில் பெருவேகம் வந்து நிற்கும். எனவே சுவரின்மேல் பூஜ்ய வேகமுள்ள புள்ளிகளை நாமே சேர்த்துக் கொடுப்பது உசிதம்.

இவ்வளவும் செய்த பின்னும், கண்ணிகளின் வழியே நுழையும் மொத்த நீரும் அளந்த மொத்த நீரும் சமமாவதில்லை. முகங்களின் வேகங்கள் அனைத்தையும் ஒரே விகிதத்தால் பெருக்கிச் சமன்செய்யும் முறை ஒன்று வழக்கில் இருக்கிறது. அந்தப் பெருக்கல் சரியான அளவுகளையும் சேர்த்தே மாற்றிவிடுகிறதே என்னும் ஆக்ஷேபத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.