தொட்டுப் பார்க்க விடுங்கள்!

என் மகள் படிக்கும் அரசு நடுநிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கு அழைத்துச் சென்றனர். 'துணைக்கு ரெண்டு அம்மாக்கள் வேணும்' என்று டீச்சர் கேட்க, நானும், மகளின் தோழியுடைய அம்மாவும் கிளம்பினோம்.

முதலில் இயற்பியல் கூடம். கருவிகளை வரிசையாக வைத்து விளக்கினர். 'யாரும் எதையும் தொடக்கூடாது' என்று நான்கு முறை சொல்லி விட்டனர். பிள்ளைகள் கையைக் கட்டி நின்று, கொட்டாவி விட்டது தான் மிச்சம்.

அடுத்து, தாவரவியல் கூடம். மேஜைக்கு ஒரு மைக்ராஸ்கோப். பையன்கள் முண்டியடித்து முன்னால் போக, பெண் பிள்ளைகள் வழக்கம் போல் நோட்டைப் பிரித்து, குறிப்பு எழுத ஆரம்பித்து விட்டனர். இதைக் கவனித்த கல்லூரி மாணவி ஒருத்தி, 'எல்லாரும் நோட்டை மூடுங்க. ஒவ்வொருத்தரும் அவங்க கையாலயே செஞ்சு பார்க்கணும். பார்த்தவங்க, அடுத்த ஆளுக்குச் சொல்லித் தரணும்' என்றாள்.

அவ்வளவு தான்... கூடமே கலகலப்பானது. வெங்காயத்தின் உள்பக்க மெல்லிய தோலை உரித்து, சாயம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த என் மகள், 'அம்மா, செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமா இருக்கு' என்று கூவினாள்.

பின், வாழைப்பழத்தை மசித்து, உப்பும், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும், தண்ணீரும் கலந்து வடிகட்டினர். அதன் மேல், ஐசில் குளிர வைத்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றியதும், வெள்ளை நூல் நூலாக மேலே திரண்டு வந்தது. சோப்பு, செல்லின் சவ்வை உடைக்க, உள்ளே இருந்த டி.என்.ஏ., வெளியே வந்து விட்டதாம்! நாம் தினமும் அடுப்படியில் புழங்கும் பொருட்களில் இத்தனை விஷயமா என்று நானே வாயடைத்துப் போனேன்.

வகுப்பில் வாயே திறக்காத அந்தத் தோழி தான், மற்ற பிள்ளைகளுக்கு அதை விளக்கிக் கொண்டிருந்தாள். பார்த்த அவள் அம்மாவுக்குக் கண் கலங்கி விட்டது. 'எட்டாவதோட நிறுத்தி, தையலுக்கு அனுப்பிடலாம்னு இருந்தேன்க்கா' என்றவர், அந்த மாணவியிடம் சென்று, 'இங்க சேரணும்னா என்ன படிக்கணும் கண்ணு?' என்று விசாரித்தார். 'பிளஸ் 1ல சயின்ஸ் குரூப் எடுக்கணும்மா. எங்க வீட்டுலயும் நான் தான் முதல் பட்டதாரி' என்றாள் அவள்.

இப்போது அந்தப் பெண், ஒன்பதாம் வகுப்புக்குப் போய்க் கொண்டிருக்கிறாள்.

சர் சி.வி.ராமன், 1928ல் ராமன் விளைவைக் கண்டறிந்த பிப்ரவரி 28ம் தேதியை, 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். அன்றைக்காவது கல்லூரிகள், அருகில் உள்ள நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, ஆளுக்கொரு சோதனையைக் கையால் செய்ய விடலாமே! கூடவே, அம்மாக்களையும் அழையுங்கள். படிப்பை நிறுத்துவதா, தொடர்வதா என்ற பேச்சு, வீட்டில் தானே நடக்கிறது!

— ஒரு வாசகி