ஆச்சிக்கு எந்த ஊசி ஆகாது?

கோவில்பட்டியில ஒரு ஆஸ்பத்திரி. "எதுவும் அலர்ஜி இருக்கா பாட்டி?"ன்னு நர்ஸ் கேட்டாங்க. "ஏதோ ஊசி போட்டா மேலெல்லாம் தடிச்சிரும்"னு எங்க ஆச்சி சொன்னதை அப்படியே டைப் பண்ணிட்டாங்க. டாக்டர் எழுதினது அமாக்ஸிசிலின். கம்ப்யூட்டர் எச்சரிக்கவே இல்ல. பட்டியல்ல 'பென்சிலின்'னு தேர்ந்தெடுத்திருந்தா, ரெண்டும் ஒரே குடும்பம்னு அது கண்டுபிடிச்சிருக்கும். வெறும் வாக்கியம் அதுக்குப் புரியாது. அதுக்காக, வயிறு புரட்டினதையெல்லாம் அலர்ஜின்னு ஏத்தினாலும் ஆபத்துதான். சும்மா சும்மா எச்சரிக்கை வந்தா, டாக்டர்கள் படிக்காமலே தள்ளிவிடப் பழகிடுவாங்க.

மருந்துக்கடை அண்ணன் "எந்த ஊசி?"ன்னு துருவிக் கேட்டாரு. டிரங்குப் பெட்டியில பழைய சீட்டைத் தேடி எடுத்தோம்: பென்சிலின். மாத்திரையை மாத்திட்டாங்க. இப்போ அந்தச் சீட்டு என் போன்ல போட்டோவா இருக்கு. மருந்து ஒத்துக்காம போனா நீங்களே சொல்லலாம்: 1800-180-3024, இலவசம்.