எடைகுறைப்பு ஊசியும் எதிர்க்கருத்தின் மரியாதையும்

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் பற்றிய சர்ச்சை உலகெங்கும் சூடுபிடித்துள்ளது. வரப்பிரசாதம் என்று ஒரு சாராரும், சோம்பேறிகளின் குறுக்குவழி என்று மறு சாராரும் சமூக ஊடகங்களில் மோதிக்கொள்கின்றனர். மன்னார்த் தீவுக்கு இது தூரத்து விவகாரமன்று. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் உள்ளன. அங்கு எழும் வாதம் கைத்தொலைபேசி வழியே அன்றைய தினமே இங்கும் வந்து சேர்ந்துவிடுகிறது.

உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஹோர்மோன் ஒன்றைப் போலச் செயற்படுபவையே இம்மருந்துகள். இவை பசியைத் தணித்து, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. இவற்றுள் ஒன்றான செமாகுளூட்டைட், 2017இல் அமெரிக்காவில் நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதிக்கப்பட்டது.

இரு தரப்பினரின் வாதங்களையும் ஒரே ஆய்வைக் கொண்டு உரைத்துப் பார்க்கலாம். 2021இல் வெளியான அந்த ஆய்வில் 1,961 பேர் பங்குபற்றினர். 68 வாரங்களின் பின்னர், மருந்து பெற்றோரின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. போலி ஊசி பெற்றோரின் எடையோ 2.4 சதவீதமே குறைந்தது. உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உடற்பயிற்சிக்குமான ஆலோசனை இரு பிரிவினருக்கும் வழங்கப்பட்டிருந்தது. ஆகவே, 'மனம் வைத்தால் போதும், மருந்து எதற்கு?' என்போர் இதற்குப் பதில் கூறியாக வேண்டும். அதேவேளை, ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரு பங்கு மீண்டும் ஏறியமை பின்னர் அறியப்பட்டது. ஊசியை நிரந்தரத் தீர்வென்று கொண்டாடுவோர் இதற்குப் பதில் கூற வேண்டும். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியன சாதாரண பக்கவிளைவுகள். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியனவும் ஏற்படக்கூடும். உலக சுகாதார நிறுவனமும் 2025 டிசம்பரில், கர்ப்பிணிகள் தவிர்ந்த வயது வந்தோருக்கு நிபந்தனையுடனேயே இதனைப் பரிந்துரைத்தது.

வாதத்துக்கும் வசைக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ், தாம் இத்தகைய மருந்தைப் பயன்படுத்துவதாக 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகக் கூறினார். அவர் அம்மருந்தை வழங்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பர முகம் என்பதையும், அவரது கணவர் அதில் முதலீடு செய்தவர் என்பதையும் சுட்டிக்காட்டியோர் நியாயமான வினாவை எழுப்பினர். அவரைச் சோம்பேறி என்று எள்ளி நகையாடுவது வாதமாகாது.

வதந்திகளை நிதானமாகத் தீர்க்கவும் வழியுண்டு. 'பல்லி விஷத்தில் செய்யப்படும் ஊசி' என்பதிலும் ஒரு துளி உண்மை உண்டு. 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸனடைட் என்னும் மருந்து, பாலைவனப் பல்லியொன்றின் நச்சில் காணப்பட்ட பொருளை முன்மாதிரியாகக் கொண்டு செயற்கையாக உருவாக்கப்பட்டது. செமாகுளூட்டைட் அவ்வாறானதன்று, அது மனித ஹோர்மோனை ஒத்தது. அக்காலத்தில் இன்சுலின் பன்றியிலிருந்தும் பெறப்பட்டமையால், இதன் மூலம் யாது என முஸ்லிம் அன்பர்கள் வினவுவது இயல்பே. செமாகுளூட்டைட்டின் மூலக்கூறு, மதுவம் எனப்படும் ஈஸ்ட்டின் துணைகொண்டே தயாரிக்கப்படுகிறது. கேட்பவரை ஏளனம் செய்யாமல் இவ்விடையைக் கூறுவதில் என்ன சிரமம் இருக்கிறது?

ஏளனத்தின் விலையை நோயாளரே செலுத்துகின்றனர் என்பதுதான் நமது கவலை. மாதாந்தக் கிளினிக்குக்குச் செல்லும் நீரிழிவு நோயாளி ஒருவர், ஊரார் நகைப்பார்கள் என்றஞ்சி, வெளிநாட்டிலிருந்து வந்த ஊசியை வைத்தியரிடமும் மறைப்பாராயின், ஏனைய மருந்துகளின் அளவை யார் சரிசெய்வது? பாவனைக்கு முன்னர் இவ்வூசியை 2 முதல் 8 பாகை செல்சியசில் பேண வேண்டும். மன்னாரின் வெயிலில் பயணப் பொதிக்குள் கிடந்த மருந்தின் தரத்துக்கு யார் உத்தரவாதம்? போலி ஒசெம்பிக் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தமையும் நினைவிற்கொள்ளத்தக்கது. மறுபுறம், ஆபத்தைச் சுட்டிக்காட்டுபவரைப் பொறாமைக்காரர் என்று வாயடைக்கச் செய்தால் அந்த எச்சரிக்கையும் உரியவரைச் சென்றடையாது.

புறங்கூறுதலைக் குறளும் கடிந்துள்ளது, இஸ்லாமும் கடிந்துள்ளது. கேள்விப்பட்டதைத் தீர விசாரிக்குமாறு பணிப்பதிலும் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. எதிர்த்தரப்பின் மிக வலுவான கூற்றை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னர் அதனை மறுப்பதே நேர்மையான விவாதம். ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை நோயாளரும் வைத்தியரும் தீர்மானிக்கட்டும். அந்நோயாளர் வெட்கமின்றி வாய் திறந்து கேட்கக்கூடிய சூழலை ஏற்படுத்துவதே நம் அனைவரினதும் கடமையாகும்.