மலிவு இறுவட்டும் அவசரக் கோபமும்: நம்மைப் புண்படுத்தும் திரைப்படங்களை எப்படி எதிர்கொள்வது?

திருகோணமலை நகரிலும் அதை ஒட்டிய பாலையூற்று போன்ற பகுதிகளிலும் ஒரு காலத்தில் இறுவட்டுக் கடை இல்லாத சந்தியைக் காண்பது அரிது. படம் வெளியாகி ஒரு வாரம் கடப்பதற்குள் அதன் பிரதி அங்கே வந்துவிடும். சற்றுப் பழையதாகிவிட்டால் பெட்டியில் குவித்துக் கழிவு விலைக்கு விற்பார்கள். தேநீருக்கும் வடைக்கும் கொடுக்கும் காசில் ஒரு படம் கைக்கு வந்துவிடும். இன்று அந்த இடத்தைப் பென் டிரைவும் டெலிகிராமும் பிடித்துக்கொண்டன. கருவி மாறினாலும் பழக்கம் மாறவில்லை.

இந்தப் பழக்கத்தோடு இன்னொன்றும் நம்மிடம் உண்டு. முஸ்லிம்களைத் தவறாகச் சித்திரிக்கும் படம் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டதும் "தடை செய்" என்ற குரல் எழும். அதே நாட்களில் அதே படத்தின் திருட்டுப் பிரதி நம் வீடுகளிலேயே ஓடும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய நேரம் இது. சினிமாவே வேண்டாம் என்று ஒதுங்கி இருப்பவர்களின் நிலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் ஒரு படம் கிளப்பும் வெறுப்பு, அதைப் பார்க்காதவரின் கடையையும் வீட்டையும் கூடத் தேடி வரும். எனவே இது எல்லோருக்கும் உரிய விடயம்.

*மலிவுக்குப் பின்னால் இருப்பது என்ன?*

இலங்கையில் ஒரு திரைப்படத்தைப் பகிரங்கமாகக் காட்டுவதற்குப் பொது அரங்காற்றுகைச் சபையின் அனுமதி வேண்டும். 1912ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாடு இது. வயது வந்தோருக்கு மட்டும் உரிய படம் எது, வெட்ட வேண்டிய காட்சி எது என்பதெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படும். திருட்டு இறுவட்டு இந்த வாசலுக்கே வருவதில்லை. அதில் வயது எல்லை இல்லை, பொறுப்பேற்பவரும் இல்லை. தந்தை வாங்கி வந்ததைப் பத்து வயதுப் பிள்ளை போட்டுப் பார்க்கும்.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இப்படிப் பிரதி எடுத்து விற்பது குற்றம். மார்க்க ரீதியாகவும் இது தெளிவான விடயமே. ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது, பதிப்புரிமை போன்ற உரிமைகள் ஷரீஅத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது எனத் தீர்மானம் எடுத்தது. படம் நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருட்டு ஹலாலாகிவிடாது.

*விஸ்வரூபம் சொன்ன பாடம்*

2013 ஜனவரியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' வெளிவரும் முன்பே முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. படத்தின் நாயகனும் ஒரு முஸ்லிம்தான் என்பது உண்மை. ஆனால் தொழுகையையும் குர்ஆன் ஓதலையும் கொலைக் காட்சிகளோடு அடுத்தடுத்துக் கோர்த்திருந்ததே மனத்தாங்கலுக்குக் காரணம். அந்த மனத்தாங்கல் நியாயமற்றது என்று சொல்ல முடியாது.

தமிழக அரசு சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி இரண்டு வாரத் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஜனவரி 29 அன்று தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது. இறுதியில் ஏழு இடங்களில் மாற்றம் செய்வதென உடன்பாடு ஏற்பட்டு, பெப்ரவரி 7 அன்று படம் தமிழகத்தில் திரைக்கு வந்தது. இடைப்பட்ட நாட்களில் என்ன நடந்தது? கேரளத்தில் ஜனவரி 25 முதலே மாற்றமில்லாத பிரதி ஓடிக்கொண்டிருந்தது. படம் எங்கும் பேசுபொருளாகிப் பெரும் வசூல் ஈட்டியது. முஸ்லிம்கள் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானவர்கள் என்ற பேச்சு மட்டும் நம் பக்கம் மிஞ்சியது.

*பார்க்காமல் பொங்கியது*

ரமழானிலும் பெருநாளிலும் பல வீடுகளில் போடப்படும் 'த மெசேஜ்' படத்தின் கதை இன்னும் கசப்பானது. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த அந்தப் படத்தில் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ இல்லை. ஆனால் அன்டனி குயின் நபியாக நடிக்கிறார் என்ற வதந்தி பரவியது. உண்மையில் அவர் ஏற்றது ஹம்ஸா (ரழி) அவர்களின் பாத்திரம். 1977 மார்ச்சில் வாஷிங்டனில் ஓர் ஆயுதக் குழு பலரைப் பணயக் கைதிகளாகப் பிடித்தபோது, அவர்களின் கோரிக்கைகளில் இந்தப் படத்தை நிறுத்துவதும் ஒன்று. இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். அக்காத் 2005இல் அம்மானில் அல்-காஇதாவினர் நடத்திய குண்டுத் தாக்குதலில் இறந்தார். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரா அல்-ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் நமக்குக் கட்டளையிடுவது இத்தகைய நிலைமைகளுக்காகவும்தான்.

*குழப்பும் படம் வேறு, தூண்டும் படம் வேறு*

மனதைக் கலங்கடிக்கும் எல்லாப் படமும் நமக்கு எதிரான படமாகிவிடாது. நமது மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சஞ்சீவ புஷ்பகுமாரவின் 'இகிலென மாலுவோ' (பறக்கும் மீன்கள்) யுத்தகாலத் திருகோணமலையைக் களமாகக் கொண்டது. சிங்கள, தமிழ்க் குடும்பங்கள் சிதைந்த விதத்தை ஈவிரக்கமின்றிக் காட்டும், பார்க்கவே கடினமான படம். 2011இல் ரொட்டர்டாம் விழாவுக்குப் போனது. 2013 ஜூலையில் கொழும்பில் பிரெஞ்சுத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டதும், படையினரை இழிவுபடுத்துகிறது என்று தடை வந்தது. அடுத்த ஆண்டு, சிங்களக் கணவன், தமிழ் மனைவி பற்றிய பிரசன்ன விதானகேயின் படம் சென்னையில் மிரட்டல்களால் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு சமூகமும் தனது காயத்தைக் காரணம் காட்டி அடுத்தவரின் கதையை மூடுகிறது.

2023 மே மாதம் வெளியான 'த கேரளா ஸ்டோரி' இன்னொரு ரகம். கேரளத்தில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதத்துக்குக் கொண்டுபோகப்பட்டதாக அதன் முன்னோட்டம் சொன்னது. இது வலி சொல்லும் கலையல்ல, ஒரு சமூகத்தின் மீது சுமத்திய பொய்க் கணக்கு. ஆனால் இதை முறியடித்தது எது என்று பாருங்கள். மேற்கு வங்க அரசின் தடையை இந்திய உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. கேரள முஸ்லிம் யூத் லீக்கோ, ஆதாரம் தருபவருக்கு ஒரு கோடி ரூபாய் என்று அறிவித்தது. முன்னோட்டத்தில் 32,000 என்பது மூன்று பெண்கள் என்றானது. அந்த எண்ணிக்கைக்கு உறுதியான தரவு இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போடத் தயாரிப்பாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஆதாரத்தைக் கேட்டதால் கிடைத்த பலன் இது.

*நாம் கேட்கும் சட்டம் யார் மீது பாயும்?*

தடையைக் கோருபவர்கள் ஒரு பெயரை மறக்கக் கூடாது. அஹ்னாஃப் ஜஸீம். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலில் தீவிரவாதம் இருப்பதாகக் கூறி 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பர் வரை சிறையில் இருந்தார். 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு படைப்பைப் படிக்காமலே ஆபத்தானது என்று முத்திரை குத்தும் அதிகாரத்தை நாம் அரசிடம் கொடுத்தால், சிறுபான்மைச் சமூகமான நம் பிள்ளைகளே முதலில் அகப்படுவார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் சகித்திருக்க வேண்டும் என்பதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் உணவுக் கடை ஒன்றில் எடுத்த சிறு காணொளிதான் 'வந்த பெத்தி' என்ற கருத்தடை மாத்திரை வதந்தியைத் தீயாய்ப் பரப்பியது. உணவில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் சொன்னபோது பள்ளிவாசல் தாக்கப்பட்டிருந்தது. வன்முறையைத் தூண்டும் இத்தகைய செயலுக்குத்தான் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் மூன்றாம் பிரிவு இருக்கிறது. தூண்டுதலுக்குச் சட்டம், பொய்க்கு ஆதாரம், விமர்சனத்துக்கு விமர்சனம் என்று பிரித்து அணுகுவதே முறை.

*செய்யக்கூடியவை*

ஒரு படம் பற்றி எதிர்ப்புத் தெரிவிக்குமுன் பொறுப்பானவர்கள் சிலராவது அதை முழுமையாக, முறையான வழியில் பார்க்கட்டும். எந்தக் காட்சி, எந்த வசனம், அதில் எது பொய் என்று எழுத்தில் குறித்துப் பொது அரங்காற்றுகைச் சபைக்கு முறைப்பாடு செய்யட்டும். வெட்டி எடுத்த துண்டுக் காட்சியை "பாருங்கள், பகிருங்கள்" என்று அனுப்புவதை நிறுத்துவோம். அது படத்துக்கு நாம் செய்யும் இலவச விளம்பரம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் உலமாக்களும் ஜும்ஆ மேடையில் பேசுமுன் இந்தக் குறிப்புகளைக் கேட்டுப் பெறுவது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது கதையை நாமே சொல்ல வேண்டும். 2006 ஓகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய்க்கு நடந்த கதை இருக்கிறது. 1990இன் காத்தான்குடி இருக்கிறது, வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கையில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு படம் எடுக்கத் தெரிந்த இளைஞர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிறையவே உண்டு. அவர்களுக்கு ஒரு கெமராவும் கொஞ்சம் பயிற்சியும் கொடுக்க நமது நிறுவனங்கள் முன்வந்தால், நம்மைப் பற்றி மற்றவர் எடுக்கும் படத்துக்குப் பதில் சொல்ல நம் கையிலும் ஒரு படம் இருக்கும்.