ஜீப்புக்குள் ஒரு கணப்பு

தெல்தோட்டைக் குளிர் நுவரெலியாக் குளிர் அல்ல. ஆனாலும் தை மாதத்து விடியற்காலையில் லயத்து வாசலில் நின்று பார்த்தால்தான் தெரியும். அந்த நேரத்தில், எடை குறைந்து பிறந்த குழந்தையோடு கண்டி கிளினிக்குக்குப் புறப்பட வேண்டிய ஒரு தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள் சகோதரிகளே.

அந்தக் குழந்தையின் பாட்டியை நான் அக்கா என்றே அழைப்பேன். 1983 வன்செயலின்போது அவரது பெற்றோர் இந்தப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனார்கள். யுத்தத்தில் கணவரை இழந்த அக்கா, 2009க்குப் பிறகு இரண்டு பெண் பிள்ளைகளுடன் சொந்தங்களைத் தேடி இங்கே திரும்பி வந்தார். சித்தப்பா மகனிடம் பழைய லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது. மரக்கறி ஏற்றுவதும், அவசரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோவதும் அதில்தான்.

1948இல் இந்த வண்டி அறிமுகமானபோது இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆரம்ப கால வண்டிகளில் ஹீட்டர் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இங்கிருந்து தூரமில்லை. மலைநாட்டுத் தோட்டத் துரைமார் பலர் லேண்ட் ரோவரில் போனதுண்டு. கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணின் குளிரை யார் கணக்கெடுத்தார்கள்?

அக்கா சீட்டுக் காசை எடுத்தார். "பேரப்பிள்ளைக்கு வெயில் வாங்கப்போறேன் மிஸ்" என்றார். பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய ஹீட்டர் பெட்டி கிடைத்தது.

அதன் வேலை எளிது. எஞ்சினைச் சுற்றிச் சூடாகும் தண்ணீரின் ஒரு பகுதி, ரப்பர் ஹோஸ் வழியாக முன்சீட்டுக்குக் கீழுள்ள சின்ன ரேடியேட்டருக்கு வருகிறது. சிறிய விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. தண்ணீர் மீண்டும் எஞ்சினுக்குப் போய்விடும். தனியாக எரிபொருள் எரிக்கத் தேவையில்லை. வெயில் காலத்தில் மூடிவிட ஒரு டெப் உண்டு.

மெக்கானிக் தம்பி எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. ஹோஸ் தகரத்தில் உரசி வெடிக்காதபடி, துளைகளுக்கு ரப்பர் வளையம் போட்டார். விசிறி வயருக்குத் தனி ஃபியூஸ். எல்லாம் பூட்டி முடித்தும் குளிர்காற்றுதான் வந்தது! அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஹோஸுக்குள் காற்று அடைத்திருந்தது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஏற்றத்தில் நிறுத்தி, டெப்பைத் திறந்து வைத்து, எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீர் நிரப்பினார். நம் ஊரில் மேட்டுக்கா பஞ்சம்? அதன் பிறகும் வெதுவெதுப்புத்தான். எஞ்சின் கொதிக்கக்கூடாதென்று யாரோ முன்பு தேமோஸ்டட்டைக் கழற்றிப்போட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் இந்தக் குளிரில் எஞ்சின் சரியாகச் சூடாகாது. புதியது பூட்டிய பிறகே சூடு வந்தது.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மொனொக்சைட் வாயு உள்ளே வரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, குமட்டல் வந்தால் உடனே வண்டியை நிறுத்தி இறங்கிவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் ஒருபோதும் தூங்க வேண்டாம்.

ஹீட்டர் இருக்கிறதே என்று குழந்தையைத் தனியே கிடத்தவும் கூடாது. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத வேளையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைக்கும் முறையை வைத்தியர்கள் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் அதைச் செய்கிறார்கள். தாயின் நெஞ்சுதான் முதல் கணப்பு. ஜீப்பின் ஹீட்டர் இரண்டாவதுதான்.

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். எஞ்சின் சூடாகச் சற்று நேரம் எடுத்ததால், தம்பி முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். மகள் முன்சீட்டில், குழந்தை சேலைக்குள். அக்காவும் நானும் பின்னால் தார்ப்பாய்க்குள் ஒடுங்கியிருந்தோம். அங்கே அந்தச் சூடு எட்டவில்லை.

"பின்பக்கத்தையும் நல்லா அடைக்கணும் மிஸ். அடுத்த சீட்டு ஆவணியிலதான் விழும்" என்றார் அக்கா.